கடல் கடந்த ஒரு பண்ணை வீடு

(மூன்றாம் ஆண்டு, சிவில் துறை)



மலருக்குக் கட்டுரை என்றால் நம் துறைக்காரர்கள் வழக்கமாகத் தஞ்சைப் பெரிய கோயிலையோ கல்லணையையோ எடுத்துக்கொள்வார்கள். அவை எழுதத் தகுந்தவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் டிப்ளமோ முடித்து வெளியே போனால் நம்மில் யாரும் கோயிலோ அணையோ கட்டப்போவதில்லை. வீடுதான் கட்டப்போகிறோம். அதனால் மனிதர்கள் குடியிருந்த, மாடு கட்டிய, தானியம் கொட்டி வைத்த ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, அதன் பிளான், சுவர், கூரை மூன்றையும் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதோடு, அதைக் கட்டிய கைகள் யாருடையவை என்பதையும் பார்க்கப் போகிறோம். அந்த நான்காவது விஷயத்தைப் பாடப் புத்தகத்தில் அவ்வளவாகப் பேசுவதில்லை.

வீட்டின் பெயர் குரூட் கான்ஸ்டான்ஷியா. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகருக்குத் தெற்கே, மேசை மலைத் தொடரின் கிழக்குச் சரிவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிறது. டச்சு மொழியில் 'குரூட்' என்றால் பெரிய என்று அர்த்தம். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், நாணல் கூரை, வாசலுக்கு மேலே வளைந்து நெளிந்து எழும் ஒரு முகப்புச் சுவர். இந்தப் பாணிக்குக் கட்டிடக் கலை நூல்களில் 'கேப் டச்சு' என்று பெயர். நேரில் போய்ப் பார்க்க நமக்கு வசதி ஏது? படங்களையும் நூலகத்தில் கிடைத்த வரைபடங்களையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நிலம் வந்த கதை

1652இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு தங்குதுறையை அமைத்தது. ஹாலந்திலிருந்து ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, இறைச்சி கொடுப்பதுதான் நோக்கம். அப்போது அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. கொய்கொய் என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடுமாடு மேய்த்து வந்தார்கள். மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு எடுத்துக்கொண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? 1659-60இலும் பிறகு 1673-77இலும் சண்டை நடந்தது. கொய்கொய் மக்கள் தோற்றார்கள், மேய்ச்சல் நிலம் பண்ணை நிலமாயிற்று.

1685இல் சைமன் வான் டெர் ஸ்டெல் என்பவருக்கு 891 மோர்கன் நிலம் மானியமாகக் கிடைத்தது. மோர்கன் என்பது டச்சுக்காரர்களின் நில அளவை. நம்ம கணக்குக்கு 1,880 ஏக்கருக்கு மேல் வரும். வான் டெர் ஸ்டெல் அப்போது கேப் குடியேற்றத்தின் தலைவர், 1691இல் கவர்னரும் ஆனார். மொரீஷியஸ் பக்கம் பிறந்தவர். இவருடைய தாய்வழிப் பாட்டி கோவாக் கரையைச் சேர்ந்த, அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற ஒரு இந்தியப் பெண் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

நிலத்தை எழுதிக் கொடுத்தவர் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அவர் ஹென்ட்ரிக் வான் ரீட், கம்பெனியின் கமிஷனர். கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்' நூலைத் தொகுத்த அதே வான் ரீட்தான். கேப்பில் வேலையை முடித்துக்கொண்டு அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுவரை பழவேற்காட்டில் இருந்தது. 1690இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறியதும் இவருடைய முடிவால்தான். கான்ஸ்டான்ஷியாவுக்குப் பட்டா கொடுத்த கையும் நாகப்பட்டினத்தைத் தலைநகராக்கிய கையும் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிளானைப் படிப்போம்

கேப் பண்ணை வீடுகளின் பிளானைப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். எல்லாம் எழுத்து வடிவில் இருக்கும். ஆங்கில டி, யு, எச் எழுத்துகளை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். யு என்பது நம்ம 'ப'தான். இரண்டு 'ப'வை முதுகோடு முதுகாக ஒட்டினால் எச் வந்துவிடும்.

அழகுக்காகச் செய்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். காரணம் அது அல்ல, மரம். கூரையைத் தாங்கும் உத்திரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். கேப்பில் அது சுமார் 20 அடி. அதற்கு மேல் அகலம் வேண்டுமானால் நடுவில் தூண் நிறுத்த வேண்டும், அல்லது கூரையில் இரண்டு சரிவு சந்திக்கும் இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் மழைத் தண்ணீர் நிற்கும், நாணல் அழுகும். ஆகவே வீட்டை அகலமாக்காமல் நீளமாக்கினார்கள். நீளமும் போதாதபோது செங்குத்தாக ஒரு சிறகு சேர்த்தார்கள். ஒரு சிறகு சேர்த்தால் டி. இரண்டு சேர்த்தால் யு. குடும்பம் பெருகப் பெருக, வசதி கூடக் கூட, எழுத்து மாறியது. ஸ்பான் என்று வகுப்பில் படிக்கிறோமே, அது வெறும் கணக்கு இல்லை. ஒரு நாட்டின் வீடுகளுக்கே உருவம் கொடுத்திருக்கிறது.

வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வாசலில் நிற்போம். முன்சுவரை ஒட்டி உயர்த்திக் கட்டிய நீளமான மேடை ஒன்று இருக்கிறது. இரண்டு கோடியிலும் உட்கார வசதியாகக் கட்டிய இருக்கை. டச்சில் 'ஸ்டூப்' என்கிறார்கள். நமக்குத் தெரிந்த பெயர் திண்ணை! சாயங்காலம் காற்று வாங்குவதும், வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவதும் அங்கேயும் அதில்தான். ஒரு வித்தியாசம் உண்டு. நம்ம திண்ணைக்கு மேலே கூரையின் தாழ்வாரம் இறங்கி நிழல் தரும். ஸ்டூப்புக்குப் பொதுவாக மேலே ஒன்றும் இல்லை, வானம்தான். கேப் டவுன் வெயில் நம்ம வெயில் இல்லையே.

உள்ளே நுழைந்ததும் முன்கூடம். அதன் பெயர் 'ஃபூர்காமர்'. இரண்டு பக்கமும் அறைகள். முன்கூடத்துக்குப் பின்னால் பின்கூடம். சன்னல்களும் கதவுகளும் நடு அச்சுக்கு இருபுறமும் ஒன்றுபோல் அமைந்திருக்கும். எலிவேஷன் வரையும்போது பாதி வரைந்து மறுபாதியை அப்படியே திருப்பிப் போட்டால் போதும். டிராயிங் தேர்வில் இப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பண்ணை என்பது வீடு மட்டும் அல்ல. பக்கத்தில் 'யோங்கர்ஸ்ஹாய்ஸ்' என்று ஒரு கட்டிடம், கல்யாணம் ஆகாத பிள்ளைகள் தங்குவதற்கு என்று பெயர். பின்னால் மதுக் கிடங்கு, தொழுவம். கேப் பண்ணைகளில் மணி ஒன்றும் தூண்களுக்கு நடுவே தொங்கும். அடிமைகளை வேலைக்கு எழுப்பவும், வேலை முடிந்ததைச் சொல்லவும் அடித்த மணி. மணிக்கூண்டையும் சுண்ணாம்பு பூசி அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்க்க ரொம்ப நன்றாகவே இருக்கும்.

மண்ணும் சிப்பியும்

கேப் டச்சு வீட்டின் சுவர் சுமார் இரண்டடி கனம். பார்த்தால் கல்கோட்டை போல இருக்கிறது. பூச்சைச் சுரண்டினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் களிமண் சாந்தில் வைத்த கரடுமுரடான கல்லும் பச்சை மண் கல்லும்தான். பச்சை மண் கல் என்றால் சூளையில் சுடாமல் வெயிலில் காயவைத்தது. சுட்ட செங்கலுக்கு விறகு வேண்டும், கேப்பிலோ மரத்துக்குப் பஞ்சம். ஆகவே சுட்ட கல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள்.

அங்கே மழை குளிர்காலத்தில், அதாவது நமக்குச் சித்திரை, வைகாசி முடிந்து ஆனி, ஆடி நடக்கும்போது விடாமல் பெய்யும். மண் சுவர் மழையில் நனைந்தால் கதை முடிந்தது. அதைக் காப்பாற்றுவது சுண்ணாம்புப் பூச்சு ஒன்றுதான். சுண்ணாம்புக்கல்லைத் தேடி அலையாமல் கடற்கரையில் குவிந்து கிடந்த சிப்பிகளைச் சூளையில் சுட்டார்கள். பழவேற்காடு, தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு இது புதிது அல்ல. கிளிஞ்சல் சுண்ணாம்பு நம்ம கடற்கரையில் தொன்றுதொட்டு இருக்கிற தொழில்.

இதன் வேதியியலை முதலாண்டில் படித்தோம். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சிப்பியாக இருந்தது சுற்றி வந்து சுவரில் மறுபடி சிப்பியாகிறது. இப்படிச் சொன்னால் மறக்காது, தேர்வுக்கும் உதவும்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு இன்னொரு குணம், அது மூச்சு விடும். உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதனால்தான் பழைய மண் சுவர்களைப் பழுது பார்க்கும்போது சிமெண்ட் பூசக் கூடாது என்கிறார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். மண் இளகும், கொஞ்ச நாளில் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். எங்கள் தெருவில் மண் வீட்டுக்கு ஆசை ஆசையாக சிமெண்ட் பூசியவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். என் அப்பா கொத்தனார். "சுவத்துக்கும் வேர்க்கும்பா, அத மூடக்கூடாது" என்பார். அவர் ரெண்டாவது வரைக்கும்தான் படித்தவர். நான் சிலபஸில் படித்ததும் அவர் கரண்டி பிடித்துக் கற்றதும் ஒரே விஷயம்தான்.

மச்சு

எனக்கு இந்த வீட்டு முறையில் ரொம்பப் பிடித்தது கூரையும் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும் ஒரு தடுப்பும்.

கூரைக்கு ஒரு வகை நாணல் வேய்ந்தார்கள். சாய்வு சுமார் 45 டிகிரி. இதைவிடப் படுக்கையாக இருந்தால் தண்ணீர் வழியாமல் உள்ளே இறங்கும். நாணல் கூரை வெயிலுக்குக் குளிர்ச்சி, குளிருக்குக் கதகதப்பு, எடையும் குறைவு. எல்லாம் சரி, தீ பிடித்தால்? கேப் டவுனில் கோடைக்காலம் டிசம்பர், ஜனவரி. மழை இல்லை, தென்கிழக்குக் காற்று பேயாக அடிக்கும். ஒரு பொறி போதும்.

தீ என்றதும் விபத்தை மட்டும் நினைக்க வேண்டாம். 1736இல் தப்பியோடிய அடிமைகள் சிலர் கேப் டவுனில் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள், வீடுகள் எரிந்தன. எஜமானர்களின் தூக்கத்தைக் கெடுத்த பயம் அது. நகரத்தில் போகப் போக நாணலை விட்டுவிட்டுத் தட்டைக் கூரைக்கு மாறினார்கள். பண்ணைகளில் நாணலே தொடர்ந்தது.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். சுவர் மட்டத்தில் உத்திரங்கள் போட்டு, மேலே பலகை அல்லது மூங்கில் பரப்பி, அதற்கு மேலே களிமண்ணோ செங்கல்லோ கனமாகப் பரப்பிவிட்டார்கள். இதற்குப் பெயர் 'பிராண்ட்சோல்டர்'. தீப்பரண் என்று தமிழில் சொல்லலாம். கூரை எரிந்து மேலே விழுந்தாலும் அந்த மண் படுகையில்தான் விழும். கீழே இருக்கிறவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். சாதாரண நாளில் அந்தப் பரண் தானியம் வைக்கவும் ஆனது.

இதன் செக்‌ஷனை வரைந்து வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். பென்சில் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம மண் மச்சுதானப்பா. ஒங்க தாத்தா எத்தன வீட்டுக்குப் போட்டிருக்காரு" என்றார். மச்சு வீடுகளில் பலகைக்கு மேலே மண் கொட்டி மெத்துவது நம்ம பக்கத்திலும் இருந்த வழக்கம்தான். யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. கூரை வேய்ந்த ஊரில் எல்லாம் தீயும் உண்டு, மண்ணும் உண்டு. இரண்டையும் பார்த்த வேலைக்காரன் இந்த முடிவுக்குத்தான் வருவான்.

வாசலுக்கு மேலே எழும் முகப்புச் சுவரும் இதோடு சம்பந்தப்பட்டது. ஆங்கிலத்தில் கேபிள் என்கிறார்கள் (டிவி கேபிள் இல்லை நண்பர்களே!). கூரையின் முனையை மூடும் முக்கோணச் சுவர்தான் கேபிள். கேப் வீடுகளில் இரண்டு கோடியில் இருப்பதோடு நடு வாசலுக்கு மேலும் ஒன்று எழும்பும். அதில் உள்ள சன்னல் பரணுக்கு வெளிச்சம் கொடுக்கும். தீ பிடித்தால் எரியும் நாணல் சரிந்து வாசலை மூடிவிடாமல் இரண்டு பக்கமாகத் தள்ளிவிடும் என்றும் சொல்வார்கள். பிற்காலத்தில் அது அந்தஸ்தின் அடையாளமும் ஆயிற்று. யார் வீட்டு கேபிள் உயரம், யாருடையதில் வளைவு அதிகம் என்று போட்டி. நம்ம ஊர் முகப்பு மாடங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. குரூட் கான்ஸ்டான்ஷியாவின் முன் கேபிள் நல்ல உயரம். உச்சிக்குக் கீழே ஒரு மாடத்தில் வளமையைக் குறிக்கும் பெண் சிலை நிற்கிறது.

ஒரு முகவரி, மூன்று வீடு

சுற்றுலாப் படங்களில் '1685ஆம் ஆண்டு வீடு' என்று போட்டிருப்பார்கள். சிவில் மாணவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று கண்ணால் பார்ப்பது வான் டெர் ஸ்டெல் கட்டிய வீடு அல்ல.

அவர் 1712இல் இறந்தார். பண்ணை மூன்றாகப் பிரிந்து விற்பனையானது. 1778இல் வீடு இருந்த பங்கை ஹென்ட்ரிக் குளூட்டே வாங்கினார். 1790களின் தொடக்கத்தில் வீட்டை மாற்றிக் கட்டி, உயரமான கேபிள் வைத்தவர் அவரே. 1791இல் பின்பக்கம் புதிய மதுக் கிடங்கும் எழுந்தது. கிடங்கின் வடிவமைப்பு லூயி மிஷெல் திபோ என்ற பிரெஞ்சுப் பொறியாளருடையது என்றும், முகப்பு முக்கோணத்தில் உள்ள சுதைச் சிற்பம் ஆன்டன் ஆன்ரைத் என்ற ஜெர்மானியச் சிற்பியுடையது என்றும் சொல்லப்படுகிறது. கிரேக்கப் புராணத்தில் கடவுள்களுக்கு மது ஊற்றும் கனிமீட், ஒரு கழுகு, சுற்றிலும் கொழுத்த குழந்தைகள். கோபுரச் சுதை வேலை பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கை நேர்த்தி உடனே புரியும்.

குளூட்டே குடும்பத்தின் இனிப்பு மதுவுக்கு ஐரோப்பாவில் பெரிய பெயர். செயிண்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கே இது போனது. பிறகு கொடிகளுக்கு நோய் வந்தது, பிரிட்டிஷ் சந்தையில் இருந்த வரிச் சலுகையும் போனது, குடும்பம் நொடித்தது. 1885இல் கேப் அரசாங்கம் பண்ணையை வாங்கிக்கொண்டது.

1925 டிசம்பரில் வீடு தீப்பிடித்தது. கோடைக்காலம், நாணல் கூரை. கூரையும் உள்மரமும் போயின, கனமான சுவர்கள் நின்றன. தீப்பரண் முறை கொஞ்ச நேரம் வாங்கித் தரும், எல்லாத் தீயையும் தடுத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதுப்பிக்கும் வேலை எஃப்.கே. கென்டால் என்ற ஆர்க்கிடெக்டிடம் வந்தது. அவர் எரிந்த சுவர்களை ஆராய்ந்து எது பழையது, எது பிற்சேர்க்கை என்று குறித்து, 1927இல் அந்தப் பணியைப் பற்றி நூலும் வெளியிட்டார். ஆக, இன்று அருங்காட்சியகமாக நிற்கும் வீட்டில் 17ஆம் நூற்றாண்டு கொஞ்சம், 18ஆம் நூற்றாண்டு நிறைய, கூரையும் மரவேலையும் 20ஆம் நூற்றாண்டு. புதுப்பித்தவர் தான் செய்ததை எழுதி வைத்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம்ம பக்கம் பழைய கட்டிடங்களைப் புதுப்பிக்கும்போது எது பழசு, எது புதுசு என்ற குறிப்பே இல்லாமல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எழுதப்படாத பெயர்கள்

இதுவரை எத்தனை பெயர் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். நிலம் கொடுத்தவர், வாங்கியவர், மாற்றிக் கட்டியவர், வடிவமைத்தவர், சிற்பி, புதுப்பித்தவர். இவர்களில் யாரும் மண் மிதிக்கவில்லை. சிப்பி சுமக்கவில்லை. நாணலை அறுத்துக் கட்டுக் கட்டாக மேலே ஏற்றவில்லை. அதைச் செய்தவர்கள் அடிமைகள்.

1652 முதல் 1808 வரை கேப்புக்குச் சுமார் 63,000 பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியத் துணைக்கண்டம் என்று நான்கு திசையிலிருந்தும் வந்தார்கள். இந்தியா, இலங்கைப் பக்கமிருந்து வந்தவர்கள் மட்டும் ஏறத்தாழக் கால் பங்கு. கொத்து வேலை, தச்சு, கூரை வேய்தல் எல்லாவற்றிலும் தேர்ந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். தொழில் தெரிந்த அடிமைக்கு விலை அதிகம். எஜமானர்கள் அவர்களை மற்றவர்களுக்கு வாடகைக்கும் விட்டார்கள், கூலி எஜமானருக்குப் போகும்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களிடம் இருந்துதான் நாம் கதையை ஆரம்பிப்போம். அதற்கு ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முன்பே நம்ம கடற்கரை ஆட்கள் கேப்பில் இருந்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி மட்டும் வாங்கவில்லை, ஆளும் வாங்கினார்கள். 1659-61இல் தஞ்சைப் பகுதி போராலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது பெற்ற பிள்ளைகளைக்கூட விற்கும் நிலைக்கு ஜனங்கள் வந்தார்கள். அப்படி வாங்கியவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்கும் ஜாவாவிலிருந்த பட்டேவியாவுக்கும் போனார்கள். ஒரு பகுதி கேப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பெயர்களே சாட்சி. அடிமை கைமாறும்போது அவருடைய சொந்தப் பெயரை எடுத்துவிட்டு எஜமானருக்கு வாயில் நுழைகிற பெயரை வைத்தார்கள். கிரேக்க, ரோமப் பெயர்கள், சில நேரம் வந்து சேர்ந்த மாதத்தின் பெயர். பிப்ரவரி, செப்டம்பர் என்றெல்லாம் மனிதர்களுக்குப் பெயர்! இன்றும் கேப்பில் அந்த மாதப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. அதோடு எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதையும் ஒட்டி எழுதினார்கள். வங்காளத்து இன்னார், மலபார் இன்னார், 'கரையின்' இன்னார். கரை என்றால் சோழமண்டலக் கரை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், பழவேற்காடு ஆகிய ஊர்ப் பெயர்களும் அந்தப் பதிவேடுகளில் டச்சு எழுத்துக்கூட்டலில் வருகின்றன. பெற்றோர் வைத்த பெயர் போய்விட்டது. ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

இந்தப் பெயர்கள் எதில் இருக்கின்றன தெரியுமா? அடிக்கல்லில் இல்லை, பிளானில் இல்லை. விற்பனைப் பத்திரங்களிலும், எஜமானர் இறந்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியல்களிலும் இருக்கின்றன. கட்டில், அலமாரி, செம்புப் பாத்திரம், வண்டி, மாடு என்று போகும் பட்டியலில் மனிதர்களும் விலையோடு வருகிறார்கள்.

நாம் டிராயிங் ஷீட்டின் வலது மூலையில் டைட்டில் பிளாக் போடுகிறோம். வரைந்தவர், சரிபார்த்தவர், அளவு, தேதி என்று கட்டங்கள் உண்டு. கட்டியவர் என்று ஒரு கட்டம் கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் வேலை செய்த கட்டிடங்கள் எங்கள் ஊரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. அம்மா சித்தாள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஒரு பேங்க் கட்டிடம்கூட உண்டு. எல்லாவற்றிலும் திறந்து வைத்தவர் பெயர் கருங்கல்லில் இருக்கிறது. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பஸ்ஸில் போகும்போது, "அந்த மாடிப்படி நான் புடிச்சது" என்று எங்களிடம் காட்டுவார், அவ்வளவுதான். அடிமையும் கூலிக்காரரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்பா சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார், பிடிக்காவிட்டால் மேஸ்திரியை மாற்றுகிறார், என்னைப் படிக்க வைக்கிறார். கான்ஸ்டான்ஷியாவின் சுவரை எழுப்பியவருக்கு இந்த மூன்றும் இல்லை. அந்த வித்தியாசம் சின்னது அல்ல.

கேப்பில் 1834 டிசம்பர் 1ஆம் தேதி அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 35,000க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை பெற வேண்டியவர்கள். ஆனால் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் இன்னும் நான்கு வருஷம் அதே எஜமானரிடம் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். உண்மையான விடுதலை 1838 டிசம்பர் 1. நஷ்ட ஈடு கொடுத்தார்கள், எஜமானர்களுக்கு! விடுதலையானவர்களில் பலர் கேப் டவுனில் கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் பிழைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் அதே தொழிலில் நின்றார்கள். இன்று அந்த அருங்காட்சியகத்தில் அடிமைகளின் வரலாற்றையும் சேர்த்தே காட்டுகிறார்கள்.

கேப்புக்குப் போக முடியாத நம்மைப் போன்றவர்கள் டச்சுக்காரர் கட்டிட வேலையைப் பார்க்க வேண்டுமானால் கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் கோட்டை இருக்கிறது, பழவேற்காட்டில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அடுத்த வருஷம் நம் துறைச் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது ஜூனியர்கள் இதை யோசிக்கலாம். சதுரங்கப்பட்டினத்தில் செங்கல் அளவையும் சாந்து கனத்தையும் டேப் வைத்து எடுத்துக்கொண்டு வந்தால் ஒரு நல்ல புராஜெக்ட்டுக்கு ஆகும்.

எச் வடிவப் பண்ணை வீடு ஒன்றின் பிளான், முன் எலிவேஷன், மண் மச்சு தெரியும்படி ஒரு செக்‌ஷன் ஆகிய மூன்றையும் 1:50 அளவில் ஒரே ஷீட்டில் வரைந்து டிராயிங் ஹாலில் தெற்குச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கேபிளின் வளைவை பிரெஞ்சு கர்வ் வைத்துப் போட்டேன். கையால் போட்டால் இன்னும் நன்றாக வரும் என்று அப்பா சொல்கிறார். பார்க்க விரும்பும் நண்பர்கள் வேலை நாட்களில் மதியம் 1 மணிக்கு மேல் வரலாம்.